பால்ராஜ் உயிரோடிருக்கும் அறிக்கை

பெண்டிகோ, ஆஸ்திரேலியா
2 மார்ச் 2025

என் காவ்யாவுக்கு,

குரல் செய்தி அனுப்பாதே, மெயிலில் எழுது என்று சொல்லிவிட்டாய். என் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை மறந்துபோகிறாய் என்றும் சொன்னாய். அப்படி என்னதான் கேட்க வந்தாய் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

முதலில் என் சேதி. என் வேலை மதிப்பீடு தேறிவிட்டது. இங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஆறு இலக்கத்தில் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அரசாங்கப் பட்டியலில் நம் எண் இருந்தால்தான் படிப்பு முடிந்தபின் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க முடியும். நீயும் நானும் நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உலோகவியலுக்கு எண் இருக்கிறது. ஆனால் பட்டம் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குக் கீழே என்னென்ன வேலை என்று சில வரிகள் எழுதியிருக்கும். அந்த வேலைகளைச் செய்தவள்தான் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தேன், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி விசாதான் பாக்கி.

இங்கே எடுத்திருக்கும் மேல்படிப்பும் அந்த எண்ணுக்காக எடுத்ததுதான். வகுப்பில் என்ன நடத்துகிறார்கள் என்று கேட்காதே. வாரத்தில் மூன்று நாள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். உள்ளே மைனஸ் பதினெட்டு. மூன்று கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது.

போன வியாழக்கிழமை அங்கே ஒருவரைப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நடை. கடைசி அடுக்கில் திரும்பி மறைந்துவிட்டார். அப்படியே நம் பால்ராஜ் அண்ணாத்தே மாதிரி. போய்ப் பார்த்தேன், அந்த வரிசைக்கு மறுபக்கம் வழி இல்லை, சுவர்தான். குளிரில் கண் ஏமாற்றும் என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள்.

என் தங்கச்சி நிஷா பிளஸ் டூ எழுதுகிறாள். விலங்கியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம். நர்சிங் எடுக்கச் சொல், அதற்கு எண் இருக்கிறது. நீ சொன்னால் கேட்பாள். பட்டாபிராம் பக்கம் போனால் அம்மாவையும் பார்த்துவிட்டு வா.

உன்,
சுரேகா


கள்ளிக்குப்பம்
9 மார்ச் 2025

சுரேகா,

சேதி கேட்டுச் சந்தோஷம். உன் அம்மாவைப் பார்க்கச் சொன்னாயே, போய் நானே சொன்னேன். தெருவுக்கே பால்கோவா கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை, வருத்தப்படாதே. தொழிற்பேட்டையில் நம் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் பரிசோதனைக் கூடம் என்னுடையது. நீ பக்கத்து அறையில் சான்றிதழ் தட்டச்சு செய்தாய். தட்டச்சு செய்தவளுக்கு எழுத்தர் எண்தான் கிடைக்கும், அது பட்டியலிலேயே இல்லை என்று நீதான் அங்கிருந்து போனில் என்னிடம் அழுதாய். பிறகு எப்படித் தேறியது? நானும் போன மாதம் அதே எண்ணுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

இனி, நான் கேட்க வந்தது. பால்ராஜ் பேச்சை நீயே எடுத்துவிட்டதால் எனக்குச் சுலபமாகிவிட்டது.

கிரேன் கொக்கி முறிந்து அவர் இறந்தது 2023 ஆகஸ்டு. உனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லாதது இது: அடுத்த ஜனவரியிலிருந்து அவர் வர ஆரம்பித்தார். காலை டீ நேரம், பத்தேமுக்கால். கூடத்து வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலெல்லாம் அச்சு மணல். உயிரோடு இருந்தபோது ஷிப்ட் தொடங்கும் முன் என்னிடம் எப்படிக் கேட்பாரோ அதே மாதிரி கேட்பார்.

"கொக்கி நல்லா கீதா காவ்யாம்மா?"

நான் தலையைத் தூக்க மாட்டேன். மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். வாசலில் மணல் கிடக்கும், பெருக்கித் தள்ளுவேன். ஒன்பது மாதம் அப்படி. போன அக்டோபர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ அவர் வேறு யாரையோ தேடிப் போய்விட்டார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் கேட்கிறேன். உன்னிடம் வந்தாரா?

காவ்யா


பெண்டிகோ
6 ஏப்ரல் 2025

காவ்யா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பரீட்சை, கிடங்கு, அறை மாற்றம் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன.

வந்தார். இப்போது வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் வருகிறார். முதலில் கடைசி அடுக்கில், பிறகு நடு அடுக்கில், போன வாரம் நான் நிற்கிற மேசைக்கே வந்துவிட்டார். அந்தக் குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் புகை வருகிறது, அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார், "கொக்கி நல்லா கீதா காவ்யாம்மா?"

உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். நான் திருத்தவில்லை. "நல்லா இருக்கு அண்ணாத்தே" என்றேன். அவர் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா? ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் மாதிரி போனார். எனக்குப் பயமே இல்லை. நீ ஏன் ஒன்பது மாதம் பதில் சொல்லாமல் இருந்தாய் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வேண்டுகோள். நீ அனுப்பிய அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள். வேறு ஏதாவது எண்ணில் போடு, உனக்கு எதுவும் கிடைக்கும். காரணத்தை நேரில் ஒரு நாள் சொல்கிறேன்.

நிஷாவிடம் பேசினாயா?

சுரேகா


கள்ளிக்குப்பம்
19 மே 2025

சுரேகா,

காரணத்தை நீ நேரில் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து இன்று எனக்குப் பதில் வந்தது. நான் கொடுத்த அறிக்கை, போன அக்டோபர் பதினான்காம் தேதி வேறொருவர் கொடுத்த அறிக்கையோடு ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒத்துப்போகிறதாம். அடுத்தவர் வேலையை என்னுடையதாகக் காட்டியிருக்கிறேன் என்று கருதுகிறார்கள். இருபத்தெட்டு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் சில வருடங்களுக்கு எந்த எண்ணுக்கும் விண்ணப்பிக்க முடியாது.

ஆறு வருடம் அந்தக் கூடத்தில் நின்றவள் நான். விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தில் என் நகக்கண் இன்னும் வெளுக்கவில்லை. இன்று நான் உன்னைப் பார்த்து எழுதியவள் ஆகிவிட்டேன்.

நீ ஆஸ்திரேலியா கிளம்பும் முன், அந்த ஜனவரியில், என் அறிக்கையின் முதல் படியை உன் மெயிலுக்கு அனுப்பினேன். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பார் என்று. அதுதானே?

பதினான்காம் தேதியைப் பார்த்ததும் கடிதத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். நீ அதைக் கொடுத்த அன்றுதான் அவர் என் வாசலுக்கு வராமல் போனார்.

உன் வாயால் சொல்.

காவ்யா


பெண்டிகோ
25 மே 2025

காவ்யா,

அதுதான். பெயரை மட்டும் மாற்றினேன். வேறு ஒரு வரியும் மாற்றவில்லை.

என்ன செய்யச் சொல்கிறாய்? அப்பா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு முன் எவரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. இங்கே வந்து நான்காம் மாதம் ஆலோசகர் என் அனுபவக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதில் நீ உலோகவியலாளர் இல்லை, எழுத்தர். திரும்பிப் போக வேண்டியதுதான்." அதே பட்டம், அதே கம்பெனி, ஒரு சுவர்தான் நடுவில். நம்மை வேலைக்குச் சேர்த்த அன்று மேனேஜர் லோகநாதன் யாரைக் கூடத்துக்கு அனுப்புவது என்று தீர யோசித்தா அனுப்பினார்? நீ முன்னால் நின்றாய், நான் பின்னால் நின்றேன்.

உன் அறிக்கையைப் பத்து தடவை படித்தேன், பிறகு நூறு தடவை. அவர்கள் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. கொக்கியைத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசியது, வெள்ளைப் பொடி தூவியது, பொடிக்கு மேலே மயிரிழை மாதிரி சிவப்புக் கோடு எழும்பியது, கையெழுத்துப் போட மறுத்து கிரேனை நிறுத்தியது. இப்போது கண்ணை மூடினால் சாய வாசனை வருகிறது. போன வாரம் குளிக்கும்போது நகக்கண் சிவப்பாக இருப்பதைப் பார்த்தேன். தேய்த்தேன், போகவில்லை.

அவர் இப்போது கிடங்கில் மட்டும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார். நூலகத்துக்கு வருகிறார். கேள்வி ஒன்றுதான். நான் நல்லா இருக்கு என்கிறேன். ஒரு நாள் சொல்லாமல் இருந்து பார்த்தேன். காவ்யா, அவர் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை, ஆனால் அவர் முகத்தில் நிழல் விழுந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. உடனே சொல்லிவிட்டேன். நிழல் போய்விட்டது.

அதனால் கேட்கிறேன், அலுவலகத்துக்கு எதையும் எழுதாதே. என் விசாவுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த அறிக்கை பொய் என்று நீ எழுதினால் அவர் இன்னொரு தடவை சாவார். நான் பக்கத்தில் இருக்கிறேன், நான்தான் பார்க்க வேண்டும்.

சுரேகா


கள்ளிக்குப்பம்
1 ஜூன் 2025

சுரேகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

நீ திருடியதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நீ திருடியது என்ன என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பொய்யாக எழுதியவள் நான். எழுத்தில் ஒரு தடவையாவது வைக்க வேண்டும் என்று இப்போது வைக்கிறேன்.

வியாழக்கிழமை கொக்கியைச் சோதித்தேன். கோடு தெரிந்தது. லோகநாதன் சாரைக் கூட்டிவந்து காட்டினேன். "இன்னாம்மா நீ, நூலு மாதிரி ஒரு கோட்டுக்குக் கிரேனை நிறுத்துவாங்களா? திங்கக்கெழம புதுசு வந்துடும். கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். போட்டேன். விரிசல் இல்லை என்று சான்றிதழ் தட்டச்சு செய்தது நீ. தட்டச்சு செய்வதற்கு முன் சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் சொன்னேன், நீயும் என்னடி செய்வது என்றாய். வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்குக் கொக்கி முறிந்தது. இரும்பு அச்சுப் பெட்டி கீழே வந்தது. அவர் கீழே இருந்தார்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருந்தது, பழுதைக் கண்டறிந்து விபத்தைத் தடுத்தல் என்று. நான் கண்டறிந்தேன், தடுக்கவில்லை. தடுத்ததாக எழுதினேன். எழுதியபோது அவர் தப்பித்துவிட்டார் என்று நானே நம்பினேன், அழுதேன். மறுநாள்தான் முதல் முதலாக வாசலில் வந்து நின்றார். தான் உயிரோடிருக்கிற காகிதம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் போகிறார், சுரேகா. அவருக்கே தெரியவில்லை. தெரியாமல் எத்தனை நாள் அலைவார்?

நேற்று மாங்காட்டுக்குப் போனேன், அவர் மனைவி பூங்காவனத்தைப் பார்க்க. அம்மன் கோயிலுக்குப் பின்னால் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பேச ஆரம்பித்ததும் நார் அறுந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"அன்னிக்குக் காலைல எங்கூட உக்காந்து இட்லி துன்னுட்டுப் போன மனுசன்மா அது. குடிச்சிட்டு வந்து தானா போய் மாட்டிக்கினான்னு கம்பெனில எழுதிட்டாங்க. எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போனா அதையே கேக்குறாங்க" என்றார்கள்.

அது எனக்குத் தெரியாது, சுரேகா. சத்தியமாகத் தெரியாது. குடித்திருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்கள்.

"முந்தின நாளே தெரியும்" என்றேன்.

"அப்ப இம்மா நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

எழுந்து வரும்போது அவர்கள் என்னைத் திட்டவில்லை. வாசல் வரை வந்து, நான் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஜூன் பதினாறு எனக்குக் கடைசி நாள். பதினைந்தாம் தேதி உண்மையை எழுதப்போகிறேன். அதற்கு முன் நீயே அவர்களுக்குச் சொல்லிவிடு. நீயாகச் சொன்னால் உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவார்கள். அவர் வந்தால் உட்காரவைத்துச் சொல், கொக்கியில் விரிசல் இருந்தது என்று. நிழல் விழுந்தால் விழட்டும். நீ கையைப் பிடித்துக்கொள்.

காவ்யா


பெண்டிகோ
14 ஜூன் 2025

அன்புள்ள சுரேகா,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஏன் இப்படிக் குழம்பிப் போயிருக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அங்கே விபத்து எதுவும் நடக்கவில்லை. வியாழக்கிழமை நான் கொக்கியைச் சோதித்தேன், கோடு தெரிந்தது. லோகநாதன் சார் கையெழுத்துக் கேட்டார், முடியாது என்றேன். கிரேன் நின்றது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதிகாரிகள் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீ பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாய், உனக்கு எப்படித் தெரியும்?

பால்ராஜ் அண்ணாத்தே நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போது எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் அறையிலேயே இருக்கிறார். தரையெல்லாம் மணலாகிறது, பெருக்குவதை விட்டுவிட்டேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். "யாரும்மா அது சுரேகா?" என்று கேட்டார். அவருக்கு உன்னை நினைவில்லை.

யாருக்கும் எதுவும் எழுதாதே. உனக்கு அந்த எண் இல்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளப் பழகு.

உன் தோழி,
காவ்யா


கள்ளிக்குப்பம்
6 ஜூலை 2025

சுரேகா,

மூன்று வாரமாக நீ எழுதவில்லை. உன் கடைசிக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. நான்கு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை படிக்கத் துணியவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், தட்டச்சு அறையின் ஜன்னலும் அதன் பச்சைத் திரையும் என் ஞாபகம் போல எனக்குள் வந்தன. நான் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை.

சொன்னபடி பதினைந்தாம் தேதி எழுதிவிட்டேன். அறிக்கையை எழுதியவள் நான், கடைசிப் பக்கம் பொய், பால்ராஜ் இறந்துவிட்டார், கையெழுத்து என்னுடையது. உன்னைப் பற்றி அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். அதே கடிதத்தைத் தமிழில் எழுதி, பூங்காவனத்தோடு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தேன். பால்ராஜ் குடித்திருக்கவில்லை என்று அதில் முதல் வரியாகப் பூங்காவனம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கம்பெனியில் மறுநாளே என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். என் மேல் வழக்கு வரலாம். வரட்டும். பூங்காவனம் என்னோடு அதிகம் பேசுவதில்லை, ஆனால் விசாரணைக்குக் கூப்பிடும் நாளெல்லாம் மாங்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து என் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள்.

நிஷா விலங்கியலில் சேர்ந்துவிட்டாள். "இதுக்கு இன்னா நம்பர்க்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "தெரிஞ்சாலும் சொல்லாத" என்றாள்.

இனி நான் எழுத வந்தது.

உன் மதிப்பீட்டை ரத்து செய்துவிட்டதாக எனக்கு நகல் அனுப்பியிருக்கிறார்கள். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. போன வாரம் உன் அம்மா என் முன்னால்தான் ஸ்பீக்கரில் உனக்குப் போன் போட்டார்கள். மணி அடித்து, நீ எடுத்தாய். சுரேகாவா என்று கேட்டதற்கு, "இங்க சுரேகான்னு யாரும் இல்லைங்களே" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாய். உன் அம்மா தப்பு நம்பர் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குரலைத் தெரியும், சுரேகா. அது உன் குரல் இல்லை. கல்லூரி விழாவில் நான் பேசியதை நீ பதிவு செய்து என்னிடமே போட்டுக் காட்டுவாயே, அந்தக் குரல்.

உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்த வேலை வேண்டுமானால் வைத்துக்கொள், கூடம், நகக்கண் சாயம், ஆறு வருடம் எல்லாம் வைத்துக்கொள். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் என்னுடையது. அதை விட்டுவிடு.

உன் அப்பா டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்கிறார். நாளை காலை பத்து மணிக்கு, நம் நேரம், அம்மா மறுபடியும் கூப்பிடுவார்கள். நானும் பட்டாபிராமில் பக்கத்தில் இருப்பேன், ஆனால் பேச மாட்டேன். என் குரல் உன் காதில் விழ வேண்டாம். அம்மா உன் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

எழுதியது,
கள்ளிக்குப்பத்தில் இருக்கும் காவ்யா